ஏற்காட்டுக் குளிரில் உயிர் உணவு: வீட்டிலிருந்தே ஒரு சிறுதொழில்

சேலத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும் ஏற்காட்டில் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரத்திலிருந்து மொத்தமே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தை நம்பித்தான் இரு நூற்றாண்டாக இந்த மலையில் பிழைப்பு நடக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காபியையும் பழமரங்களையும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்ததும் இந்தக் குளிருக்காகத்தான். அதே குளிரை மூலதனமாக வைத்து, ஓர் அறையும் இரண்டு அலமாரியும் இருந்தால் தொடங்கக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அது வளர்ப்புப் பிராணிகளுக்கான உயிர் உணவு.

எஸ்டேட் வேலையோ, ஹோம்ஸ்டே வேலையோ பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கான துணை வருமானம் இது. முழுநேர வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டிய தொழில் இல்லை. எதை வளர்ப்பது, எதைத் தொடக்கூடாது, யாரிடம் விற்பது, சட்டம் எங்கே குறுக்கிடும் என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

யார் வாங்குவார்கள்?

வாடிக்கையாளரைத் தெரிந்துகொண்ட பிறகே புழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, டப்பா நிறையப் புழுவை வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடுகிறார்கள்.

முதல் கூட்டம் வண்ண மீன் வளர்ப்பவர்கள். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போனது. சேலத்திலும் ஈரோட்டிலும் அக்வேரியம் கடை இல்லாத பகுதி குறைவு. பெட்டா, கௌராமி போன்ற மீன்களின் குஞ்சுகளுக்கு முதல் சில நாள் வாய் மிகச் சிறியது. நகராத தூள் தீவனத்தை அவை கண்டுகொள்வதில்லை. கண் முன்னே நெளிவதைத்தான் கவ்வும். குஞ்சு பிழைப்பதும் சாவதும் அந்த முதல் வாரத்து உணவில் இருப்பதால், மீன் பெருக்குபவர்கள் நல்ல உயிர் உணவுக்குக் காசு கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

இரண்டாவது கூட்டம் அரோவனா, ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் வைத்திருப்பவர்கள். இவர்களுக்குப் பெரிய புழு வேண்டும். மூன்றாவது, ஃபிஞ்ச் வகைப் பறவைகளை இனப்பெருக்கம் செய்பவர்களும் அலங்காரக் கோழி வளர்ப்பவர்களும். குஞ்சு பொரித்திருக்கும் வாரங்களில் இவர்களுக்குப் புரதம் அதிகம் தேவைப்படும். நான்காவது, முறைப்படி பதிவு செய்த ஊர்வனப் பிராணிகளை வைத்திருப்பவர்கள்; எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மாதம் தவறாமல் வாங்குவார்கள். ஐந்தாவதாக, மரபியல் செய்முறைக்குப் பழ ஈ தேவைப்படும் கல்லூரி விலங்கியல் துறைகளையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த ஐந்து கூட்டத்தில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாருக்கும் எல்லாமும் தருவேன் என்று தொடங்கினால் எதிலும் ஒழுங்கு இருக்காது.

மலைக்கு ஏற்றது எது?

சமவெளிக்காரர் எளிதாகச் செய்வதை நாமும் மலையில் செய்து போட்டி போட்டால் மின்கட்டணத்திலேயே லாபம் கரைந்துவிடும். அவர்களால் ஏ.சி. இல்லாமல் செய்ய முடியாததைச் செய்வதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

வெண்புழு: கடைக்காரர்கள் ஒயிட் வோர்ம் என்பார்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் சிறு புழு. 15 முதல் 20 டிகிரி வரை இதற்குச் சுகம்; 25 டிகிரியைத் தாண்டினால் சுருண்டுபோகும். சமவெளியில் இதை வளர்க்க ஒயின் கூலர் மாதிரிக் குளிர்பெட்டி வேண்டும். ஏற்காட்டில் வடக்குப் பார்த்த ஓர் அறையின் தரையே போதும். மூடி உள்ள பெட்டியில் மக்கிய இலைமண்ணும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து ஈரமாக வைத்து, ஊறவைத்த ஓட்ஸ் அல்லது ரொட்டித் துண்டை மேலே வைத்தால் அதைச் சுற்றி மொய்க்கும். கொழுப்பு அதிகம் உள்ள உணவு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

கிரிண்டல் புழு: இது வெண்புழுவின் சிறிய உறவு. ஸ்வீடனில் வெண்புழு வளர்த்துக்கொண்டிருந்த கிரிண்டல் என்ற பெண்மணி, கொஞ்சம் வெப்பத்தையும் தாங்கும் இந்தச் சிறு இனத்தைப் பிரித்தெடுத்து வளர்த்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 20 முதல் 25 டிகிரி வரை நன்றாகப் பெருகும். வாடிக்கையாளர் சமவெளியில் இருந்தால், வாங்கிய பிறகு வெண்புழுவைவிட இது கூடுதல் நாள் தாங்கும். பெட்டா வளர்ப்பவர்களிடம் ஏற்கெனவே அறிமுகமானது.

பறக்காத பழ ஈ: முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் சுமார் பத்து நாள், 18 டிகிரியில் அதைப் போல இரு மடங்கு. 30 டிகிரிக்கு மேல் போனால் ஆண் ஈக்களின் இனப்பெருக்கத் திறனே குறைகிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குறுஞ்சிறகு இன ஈக்களை அதிக வெப்பத்தில் வளர்த்தால் சிறகு நீண்டு வளரத் தொடங்கும். சமவெளியில் கோடையில் இந்தத் தொல்லை வரும், மலையில் வராது. காட்டு ஈ ஒன்று ஜாடிக்குள் புகுந்துவிட்டால்தான் ஆபத்து. கலப்பில் பிறக்கும் அத்தனையும் பறக்கும். ஆகவே ஒவ்வொரு ஜாடிக்கும் இறுக்கமான துணி மூடி கட்டாயம்.

டாப்னியா: தண்ணீர்ப் பூச்சி என்றும் சொல்வார்கள். பெரிய இனமான டாப்னியா மேக்னா 18 முதல் 22 டிகிரியில் செழிக்கும். சமவெளியில் மீன் பண்ணைகள் வளர்ப்பது பெரும்பாலும் வெப்பத்தைத் தாங்கும் மொய்னா. பச்சைப்பாசித் தண்ணீரும் துளி ஈஸ்ட்டும் இதற்கு உணவு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரையோ மழைத்தண்ணீரையோ பயன்படுத்துங்கள். சூழல் கெடும்போது டாப்னியா தடித்த ஓடுள்ள ஓய்வு முட்டைகளை இடும். அவற்றைக் காயவைத்துச் சேமித்தால், தொட்டி அழிந்தாலும் மீண்டும் தொடங்கலாம். வித்துக்காக ஏற்காடு ஏரியில் வலை வீச வேண்டாம். ஹைட்ராவும் தட்டாம்பூச்சி இளவுயிரிகளும் கழிவும் சேர்ந்து வரும்.

மீல் வோர்ம்: சந்தையில் அதிகம் கேட்கப்படும் புழு. உகந்த வெப்பம் 25 முதல் 28 டிகிரி என்பதால் மலையில் மெதுவாகத்தான் வளரும். அதற்கு ஒரு சூடான பெட்டி வேண்டும். ஆனால் வளர்ந்த புழுவைக் குளிரில் வைத்தால் தூங்கிவிடும். வாரக்கணக்கில் அதே அளவில் நிற்கும். வளர்க்க வெதுவெதுப்பு, சேமிக்கக் குளிர் என்று இரண்டும் ஒரே வீட்டில் கிடைப்பது மலைக்காரர்களுக்குச் சாதகம்.

இவற்றைத் தொடாதீர்கள்

கிரிக்கெட் என்று கடைகளில் கேட்கப்படும் சுவர்க்கோழிக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும், ஈரக்காற்று ஆகாது. பனிமூட்டமும் மழையும் கூடிய ஊரில் இரண்டையும் ஈடுகட்டுவது வீண் செலவு. தவிர, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் டென்சோவைரஸ் என்ற கிருமி பெரிய சுவர்க்கோழிப் பண்ணைகளையே இழுத்து மூட வைத்திருக்கிறது. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈக்கு இணை சேர நல்ல வெயில் வேண்டும். அதைச் சேலத்துக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

வேக்ஸ் வோர்ம் என்பது தேன்கூட்டைத் தின்று அழிக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழு. காபித் தோட்டங்களுக்கு நடுவே தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் உள்ள மலையில் இதை வளர்ப்பது பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பில் கை வைப்பதாகும்.

சாக்கடை ஓரத்தில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவையும் வாங்கி விற்காதீர்கள். அதோடு நோயும் சேர்ந்து மீன் தொட்டிக்குள் போகும். உங்கள் பெயர் ஒரே நாளில் கெடும்.

வெளிநாட்டுக் கரப்பான் இனங்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன என்று ஆசைப்பட வேண்டாம். உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத உயிரை வீட்டில் வைத்திருப்பது தலைவலி.

வெளியூர்ப் பூச்சி தப்பினால் என்ன ஆகும் என்பதைச் சேலம் மாவட்டம் சமீபத்தில்தான் அனுபவித்தது. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் இந்தியாவில் தென்பட்டு, விரைவில் இங்குள்ள மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. அதை அடக்க பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவிகள் விடப்பட்டன. ஆகவே பழைய தவிடு, இலைமண், செத்த புழு எதையும் அப்படியே தோட்டத்தில் கொட்டாதீர்கள். கொதிநீர் ஊற்றியோ, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தோ, உயிர் இல்லை என்று உறுதி செய்த பிறகே உரக்குழிக்கு அனுப்புங்கள்.

பட்டுப்புழு: சேலத்தின் பலம்

பூச்சி வளர்த்துச் சம்பாதிப்பது சேலத்துக்குப் புதிதில்லை. தமிழ்நாடு பட்டு வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகமே சேலத்தில்தான் இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கே உண்டு. புழு வளர்ப்பில் சுத்தம், வெப்பம், ஈரப்பதம் எப்படிப் பார்ப்பது என்பதைக் கற்க இதைவிடப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடைக்காது. நீங்கள் பட்டுப்புழுவே வளர்க்காவிட்டாலும், ஒரு விவசாயியின் புழு வளர்ப்பு மனைக்குப் போய் நுழைவாயிலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தட்டிலிருந்து படுக்கை மாற்றுவது வரை பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டுப்புழு உயிர் உணவாகவும் உயர்ந்தது. மென்மையான உடல், குறைந்த கொழுப்பு. முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்து, 25 முதல் 28 நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது. இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரியும், நான்காம் ஐந்தாம் பருவத்துக்கு 23 முதல் 25 டிகிரியும் பொருந்தும். அதாவது கடைசிப் பருவத்துக்கு ஏற்காட்டின் கோடைப் பகல் கச்சிதம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். மத்திய பட்டு வாரியச் சட்டத்தில் 2006இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டுப்புழு வித்து உற்பத்தியும் விற்பனையும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே. ஆகவே நோயற்ற முட்டைத் தொகுதியையோ இளம்புழுவையோ முறையான மையத்தில் வாங்கி வளருங்கள். நீங்களே முட்டை எடுத்து விற்காதீர்கள். ஒரு முட்டைத் தொகுதியிலிருந்தே 400க்கு மேல் புழு கிடைக்கும்; சிறு தொழிலுக்கு அது தாராளம். இரண்டாவது, மல்பெரி இலை. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக்குப் பக்கத்து இலை ஒரு கை போதும், மொத்தக் கூட்டமும் மடிய. நான்கு மல்பெரிச் செடியாவது வீட்டு வேலியோரம் சொந்தமாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

அறையைத் தயார் செய்வது

பெரிய இடம் தேவையில்லை. பத்துக்குப் பத்து அறை ஒன்று, காற்றோட்டம், நேர் வெயில் படாத சுவர். வேண்டியவை இவை:

1. இரும்பு ரேக் இரண்டு. கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. மலையில் எறும்புதான் முதல் எதிரி.

2. ஆழம் குறைந்த பிளாஸ்டிக் ட்ரேக்கள், மூடியுள்ள டப்பாக்கள், வாயகன்ற ஜாடிகள், சல்லடை இரண்டு அளவில்.

3. வெப்பமானியும் ஈரப்பதமானியும். இரண்டையும் சேர்த்தே காட்டும் சிறு கருவி அதிக விலை இல்லை. காலை, மாலை எழுதி வையுங்கள்.

4. மீல் வோர்முக்குச் சூடான பெட்டி. பழைய மர அலமாரியின் உட்புறம் தெர்மாகோல் ஒட்டி, குறைந்த வாட் ஹீட்டிங் பேடும் தெர்மோஸ்டாட்டும் வைத்தால் 26 டிகிரியில் நிறுத்தலாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பை மட்டும் மாட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், தவிடு தீப்பிடிக்கும்.

5. முகக்கவசமும் கையுறையும். மீல் வோர்மின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் பறக்கும். நாளடைவில் தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு வரை கொண்டுபோகும். ஆஸ்துமா உள்ள வீட்டில் இந்தத் தொழில் வேண்டாம். படுக்கையறையும் சமையலறையும் அறவே கூடாது.

மழைக்காலத்தில் ஏற்காட்டின் பிரச்சினை குளிரைவிட ஈரம்தான். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊர் இது. தவிட்டில் ஈரம் ஏறினால் பூஞ்சையும், மாவு தூவியதுபோல் நகரும் நுண்பேன்களும் வந்துவிடும். தவிட்டை வாங்கியதும் வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்துக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். நுண்பேன் தென்பட்ட ட்ரேயை அந்த நிமிடமே அறையை விட்டு வெளியேற்றுங்கள்.

மீல் வோர்ம்: படிப்படியாக

அதிகம் விற்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் ட்ரே வண்டுகளுக்கு. இரண்டு அங்குல உயரத்துக்குக் கோதுமைத் தவிடு, மேலே கிழித்த முட்டை அட்டை. ஈரத்துக்குக் கேரட் அல்லது உருளைக்கிழங்குத் துண்டு மட்டும். தண்ணீர்க் கிண்ணம் வைக்கக்கூடாது. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் சில நூறு முட்டை இடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டுகளைச் சலித்து எடுத்துப் புதிய ட்ரேக்கு மாற்றுங்கள். விட்டுவைத்தால் வண்டுகள் தம் முட்டைகளையே தின்றுவிடும். பழைய ட்ரேயில் தேதி எழுதி ஒதுக்கி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தவிடு லேசாக அசையத் தொடங்கும்; அதுதான் குஞ்சுப்புழு.

சூடான பெட்டியில் விற்கும் அளவு வர இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். வெளியே வைத்தால் இதைவிட வெகுநாள் ஆகும். முதல் தலைமுறையை முழுவதும் விற்காதீர்கள். பாதியையாவது கூட்டுப்புழுவாக விட்டு வண்டுக்கூட்டத்தைப் பெருக்குங்கள். கூட்டுப்புழுக்களைத் தினமும் பொறுக்கித் தனி ட்ரேயில் வைக்க வேண்டும். அசையாமல் கிடக்கும் அவற்றைப் பசித்த புழுக்கள் கடித்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ட்ரே என்ற சங்கிலி ஆறேழு கண்ணி நீண்டுவிட்டால், அதன்பின் இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ட்ரே அறுவடைக்கு வரும். கடைக்காரருக்கு வேண்டியது இந்த ஒழுங்குதான். ஒரு வாரம் ஏராளம், மறுவாரம் இல்லை என்பவரிடம் யாரும் நிலையாக வாங்க மாட்டார்கள்.

சூப்பர் வோர்ம் கேட்பவர்களும் வருவார்கள். அது கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாக மாறாது. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு டப்பாவில் பத்து நாள் அடைக்க வேண்டும். குளிரும் தாங்காது. மீல் வோர்மில் கை பழகிய பிறகு யோசிக்கலாம்.

புழு என்ன தின்கிறதோ, பிராணி அதையே தின்கிறது

விற்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு புழுவுக்கு நல்ல தீனி கொடுப்பதை வளர்ப்பவர்கள் கட் லோடிங் என்பார்கள். கேரட், முருங்கைக்கீரை, பூசணி கொடுக்கலாம். மீல் வோர்மில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இதை மட்டுமே தின்னும் பல்லியினப் பிராணிகளுக்கு எலும்பு மெலிந்து வளையும் நோய் வரும். ஆகவே புழுவின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்கும்படி டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். இந்த ஒரு வரி உங்களைச் சாதாரண வியாபாரியிடமிருந்து தனியாகக் காட்டும்.

கீரையும் இலைமண்ணும் காபித் தோட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். காபி இலைத் துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். அதிலுள்ள தாமிரம் மண்புழு, வெண்புழு வகைகளுக்கும் டாப்னியாவுக்கும் ஆகாது. வீட்டுத் தோட்டத்து மண், தெளிக்காத கீரை என்பதில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

சட்டம்: மூன்று கோடுகள்

மீல் வோர்மும் பழ ஈயும் வளர்க்க வனத்துறை அனுமதி தேவையில்லை. ஆனால் நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள், எங்கே பிடிக்கிறீர்கள் என்பதில் சட்டம் உண்டு.

ஒன்று: காப்புக்காட்டில் பூச்சி, தவளைக்குஞ்சு, புழு எதையும் பிடிக்காதீர்கள். வண்ணத்துப்பூச்சிகளில் பல இனங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இரண்டு: வாடிக்கையாளர் வைத்திருக்கும் பிராணி. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, உள்ளூர் முனியா போன்ற நம் நாட்டுக் காட்டுயிர்களை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு இனங்களிலும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நான்காம் அட்டவணையில் வருகின்றன. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பால் பைத்தான், பச்சை இகுவானா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாம் இதில் அடக்கம். ‘பதிவு செய்துவிட்டீர்களா?’ என்று கேட்டு விற்பது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

மூன்று: எலிக்குஞ்சு, கோழிக்குஞ்சு போன்றவற்றை உயிரோடு தீனியாக விற்கும் பக்கம் போகாதீர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டச் சிக்கலும் ஊர்ப்பேச்சும் சேர்ந்து வரும்.

தொழிலுக்கு உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். முதலீட்டுக்குக் கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். ஆனால் முதல் சுற்றைக் கைக்காசிலேயே, நஷ்டமானாலும் தாங்கும் தொகையில் செய்து பாருங்கள்.

விற்பனையும் கணக்கும்

முதல் மாதமே விலைப்பட்டியல் அடிக்காதீர்கள். சேலத்தில் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, செவ்வாய்பேட்டை என்று சுற்றி ஐந்தாறு அக்வேரியம், பறவைக் கடைகளில் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எவ்வளவு போகிறது? இப்போது எங்கிருந்து வருகிறது? வந்து சேரும்போது எவ்வளவு செத்திருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் வாய்ப்பு இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் வெந்து வரும் புழுவைவிட, காலைப் பஸ்ஸில் இறங்கும் புழு உயிர்ப்போடு இருக்கும்.

மீல் வோர்மை எண்ணிக்கைக்கோ கிராமுக்கோ விற்கலாம். கிராமுக்கு விற்றால் தவிட்டைச் சலித்துவிட்டு எடை போடுங்கள். பழ ஈ, வெண்புழு, கிரிண்டல் ஆகியவற்றை ஸ்டார்ட்டர் கல்ச்சராக, வளர்ப்புக் குறிப்புத் தாளோடு கொடுக்கலாம். வாங்கியவர் தானே பெருக்கிக்கொள்வார், மீண்டும் வரமாட்டாரே என்று கவலைப்பட வேண்டாம். சமவெளிக் கோடையில் வெண்புழு அவரிடம் நிற்காது. அடுத்த மாதம் மறுபடி உங்களிடம்தான் வருவார்.

அனுப்பும் நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பதினோரு மணி வெயிலில் கீழே இறங்கும் பெட்டி, கோரிமேடு தாண்டுவதற்குள் அடுப்பாகிவிடும். தெர்மாகோல் பெட்டி, காற்றுத் துளை, ஈரம் கசியாத டப்பா, துணியில் சுற்றிய ஐஸ் ஜெல் பாக்கெட் ஒன்று. பல கூரியர் நிறுவனங்கள் உயிருள்ளவற்றை ஏற்பதில்லை. பொய்யான பெயரில் அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். நேரில் கொடுப்பதும், நடத்துநரோடு பேசிப் பஸ் பார்சலில் அனுப்புவதும்தான் இப்போதைக்கு வழி.

கணக்கில் தவிடு, காய்கறி, மின்சாரம், டப்பா, பஸ் கட்டணம், செத்துப்போனவை எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். இவ்வளவும் கழித்து மிஞ்சுவதுதான் லாபம். முதல் ஆறு மாதம் மிச்சம் வராமல் போகலாம்; வண்டுக்கூட்டம் பெருகும் காலம் அது. ஓராண்டுக்குப் பிறகும் உங்கள் கூலியே தேறவில்லையென்றால் இனத்தை மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள். ஒரே இனத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். இரண்டு இனம், இரண்டு அலமாரி, முடிந்தால் இரண்டு அறை.

பயிற்சி எங்கே?

பட்டு வளர்ச்சித் துறையைச் சொல்லியாயிற்று. கோழி, பறவைத் தீவனம் பற்றிய சந்தேகங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மீன்களுக்கான உயிர் உணவு வளர்ப்பை நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களில் கற்கலாம். பழ ஈ இனங்களைத் தூய்மையாகப் பராமரிக்கும் சேமிப்பு மையம் மைசூர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படிப்புத் தகுதியைவிடக் குறிப்பேடு எழுதும் பழக்கம்தான் இதில் முக்கியம். தேதி, வெப்பம், ஈரம், எத்தனை ட்ரே, எத்தனை இறப்பு என்று எழுதுபவர் இரண்டாம் ஆண்டில் நிபுணர்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

‘நாங்களே வித்துப்புழு தருகிறோம், வளர்த்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் நிச்சய வருமானம்’ என்று யாராவது கிட் விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். 2012இல் பெருந்துறையை மையமாக வைத்து வெடித்த ஈமு கோழி மோசடியில் கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அங்கேயும் பறவை உண்மைதான், வாங்குபவன்தான் பொய். பிராணி வைத்திருப்பவர் தன் கையால் காசு கொடுத்து வாங்கும் புழுவுக்கு மட்டுமே சந்தை உண்டு.

ஆகவே இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஐந்து கடைக்குப் போய் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு டப்பா கிரிண்டலிலோ ஒரு ட்ரே மீல் வோர்மிலோ தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாயும் போடாமல் தப்பித்தீர்கள்; அதுவும் லாபம்தான்.